தடைக்காலம் முடியப் போகிறது, விசைப்படகு எஞ்சின் ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்கிறது

அக்கரைப்பேட்டை_படகு

எல்லாருக்கும் வணக்கம். நாகப்பட்டினம் பக்கம் விசைப்படகு வைத்திருக்கிறோம். ஜூன் 14ஆம் தேதி ராத்திரியோடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது, ஐஸுக்குச் சொல்லியாச்சு, ஆட்களும் ஊரிலிருந்து வந்து இறங்கியாச்சு, எஞ்சின் மட்டும் வரவில்லை.

லாரி எஞ்சினைக் கடலுக்கு மாற்றிப் போட்டது, 6 சிலிண்டர், நாசில்களுக்கு டீசலை அழுத்தி அனுப்புவது பழைய மாதிரி இன்லைன் பம்பு, எலக்ட்ரானிக் எதுவும் கிடையாது. ஏப்ரலில் கரையேற்றும்போது ஒரே அடியில் ஸ்டார்ட் ஆன எஞ்சின்தான். தடைக்காலத்தில் பெயின்ட், பலகை வேலை எல்லாம் பார்த்தோம், ஆயில் மாற்றினோம், டீசல் ஃபில்டர் ரெண்டும் புதுசு. படகைத் தண்ணீரில் இறக்கியபிறகு செல்ஃப் அடித்தால் எஞ்சின் நன்றாகவே சுற்றுகிறது, ஆனால் ஒரு சிலிண்டர்கூடப் பிடிக்கவில்லை.

ஃபில்டர் மாற்றியதால் ஏர் பிடித்திருக்கும் என்று நாங்களே ஃபில்டர் மேல் ஸ்க்ரூவை லூஸ் பண்ணி, கையால் டீசலை ஏற்றும் ஹேண்ட் பிரைமரால் அடித்து ஏர் எடுத்தோம். டீசல் வருகிறது, கூடவே நுரையும் வருகிறது, எவ்வளவு நேரம் அடித்தாலும் நுரை நிற்பதாகத் தெரியவில்லை. வந்து பார்த்த மெக்கானிக் பம்பைக் கழற்றி டெஸ்டிங் கொண்டு போக வேண்டும் என்கிறார். இந்த வாரத்தில் பம்பு கடைக்குப் போனால் திரும்பி எப்போது வரும் என்று உங்களுக்கே தெரியும், வரிசையில் எல்லா ஊர் பம்பும் நிற்கும். பம்பில் கை வைப்பதற்கு முன்னால் நாங்களே பார்க்கக்கூடியது ஏதாவது இருக்கிறதா? அவசரம்.

டீசல்_கை

பம்பைக் கழற்றாதீர்கள் தம்பி, இன்னும் அந்த இடத்துக்கு நீங்கள் வரவே இல்லை.

முதலில் ஒன்று சொல்லுங்கள். செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரில் புகை வருகிறதா? ஒருத்தர் மேலே நின்று அதை மட்டும் பார்க்கட்டும். வெள்ளைப் புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, எரியவில்லை என்று அர்த்தம். அப்போது கம்ப்ரஷன், டைமிங், டீசலில் தண்ணீர், சுற்றும் வேகம் இதையெல்லாம் பார்க்க வேண்டும். துளி புகையும் இல்லை என்றால் சிலிண்டருக்கு டீசலே போகவில்லை, மற்றதையெல்லாம் மறந்துவிட்டு டாங்கியிலிருந்து, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் வரை உள்ள பாதையை மட்டும் பார்த்தால் போதும். இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் ஸ்பேனரை எடுப்பது வீண் வேலை. நம் துறைமுகங்களில் பாதி பம்புகள் இப்படித்தான் காரணமில்லாமல் கழற்றப்படுகின்றன, கடைக்காரர் டெஸ்ட் பெஞ்சில் போட்டுப் பார்த்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்று பில்லோடு திருப்பித் தருவார்.

அப்புறம், நன்றாகச் சுற்றுகிறது என்கிறீர்கள், அதையும் ஒருமுறை மீட்டர் வைத்துப் பாருங்கள். 24 வோல்ட் என்றால் ரெண்டு பேட்டரியையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். சும்மா இருக்கும்போது ஒவ்வொன்றும் 12.6 பக்கம் காட்ட வேண்டும், செல்ஃப் அடிக்கும்போது ஒன்று மட்டும் 9க்குக் கீழே விழுந்தால் அந்த பேட்டரி போய்விட்டது. ரெண்டு மாதம் உப்புக்காற்றில் சும்மா கிடந்திருக்கிறது, டெர்மினலில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும், எர்த் கேபிள் எஞ்சினில் பிடிக்கும் இடத்தைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டுங்கள். கொஞ்ச நேரம் செல்ஃப் அடித்தபின் கேபிளைத் தொட்டுப் பாருங்கள், எந்த முனை சுடுகிறதோ அங்கேதான் கோளாறு. டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் கிடையாது, காற்றை வேகமாக அமுக்குவதால் வரும் சூடுதான் எல்லாம், மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு சிலிண்டர் சுவருக்கே போய்விடும்.

செல்ஃபைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். 10, 15 செகண்ட் போதும், அப்புறம் ஒன்றிரண்டு நிமிஷம் ஆற விடுங்கள். இல்லாவிட்டால் பம்பு பிரச்சினையோடு செல்ஃப் மோட்டார் பிரச்சினையும் சேர்ந்துகொள்ளும்.

குளச்சல்_கடல்

இவ்வளவு எதற்கு? ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டுப் பெட்ரோலில் நனைத்த துணியை வாயில் காட்டி ஒரு அடி அடியுங்கள், பிடித்துக்கொள்ளும். எங்கள் பக்கம் எல்லாரும் செய்வதுதான்.

டீசல்_கை

செய்யாதீர்கள். எல்லாரும் செய்வதுதான், அப்படிச் செய்தே பிஸ்டன் ரிங் உடைந்த எஞ்சின்களும் இருக்கின்றன. பெட்ரோல் ஆவி பிஸ்டன் மேலே வருவதற்கு முன்னாலேயே வெடித்தால் அந்த அடி முழுக்கக் கனெக்டிங் ராடில்தான் விழும். ஈதர் ஸ்பிரேயும் அதே கதை, கூடுதல் மோசம். அதோடு பலகை போட்டு மூடிய எஞ்சின் ரூமுக்குள் பெட்ரோல் துணி, பக்கத்தில் செல்ஃப் மோட்டார் பொறி. யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, இது ஜூன் மாதம். நாகப்பட்டினத்து வெயிலில் எஞ்சின் ரூமே அடுப்பாகக் கிடக்கும்போது, நல்ல கம்ப்ரஷன் உள்ள டீசல் எஞ்சினுக்கு எந்தச் சூடும் வெளியிலிருந்து தேவையில்லை. டீசல் போனால் எரியும். எரியவில்லை என்றால் ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டும், துணியைக் காட்டி ஒருமுறை ஏமாற்றிக் கிளப்பி விட்டு 20 கடல் மைல் தள்ளிப் போய் நின்றால் அங்கே யார் வருவார்கள்?

அக்கரைப்பேட்டை_படகு

அண்ணே நன்றி. பார்த்துவிட்டோம்.

புகை துளிகூட இல்லை. பேட்டரி ரெண்டும் நன்றாக இருக்கிறது, செல்ஃப் அடிக்கும்போதும் பெரிதாக இறங்கவில்லை. நாசில் பக்கம் ஒரு பைப் நட்டை லூஸ் பண்ணி அடித்தோம், ஈரம் மாதிரி கொஞ்சம் கசிகிறது, பீய்ச்சவில்லை. ஹேண்ட் பிரைமர் அடித்தால் எப்போதும் லேசாகவே இருக்கிறது, டைட் ஆவதே இல்லை. டாங்கியில் டீசல் கம்மி, அடியில் கொஞ்சம்தான், ஏனென்றால் மானிய டீசல் போடுவது கடலுக்குப் போகும்போதுதான்.

லைனில் எங்கும் டீசல் ஒழுகவில்லை, துணியை வைத்துத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாச்சு. அதனால்தான் மெக்கானிக் லைனில் பிரச்சினை இல்லை, பம்புதான் என்கிறார்.

டீசல்_கை

நீங்கள் எழுதியதிலேயே விடை கிட்டத்தட்ட இருக்கிறது.

பாதையை மனதில் வையுங்கள்: டாங்கி, அப்புறம் தண்ணீர் பிரிக்கும் கிண்ணம், அப்புறம் ஹேண்ட் பிரைமர் உள்ள ஃபீட் பம்பு, அதற்குப் பிறகு ரெண்டு ஃபில்டர், கடைசியாக இன்ஜெக்ஷன் பம்பு. ஃபீட் பம்புக்கு முன்னால் இருப்பதெல்லாம் உறிஞ்சும் பக்கம், பின்னால் இருப்பது தள்ளும் பக்கம். தள்ளும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே ஒழுகும், கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சும் பக்கத்தில், அதுவும் உங்கள் டாங்கி மாதிரி டீசல் மட்டம் பம்புக்குக் கீழே கிடக்கும்போது, ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். துணி வைத்துத் துடைத்தால் ஒன்றும் தெரியாது. நுரை நிற்காமல் வருவதும் பிரைமர் டைட் ஆகாததும் இதைத்தான் சொல்கின்றன. ஏப்ரலில் டாங்கி நிறைய இருந்திருக்கும், டீசல் தானாகவே பம்புக்கு இறங்கியிருக்கும், சின்னக் கோளாறு இருந்தாலும் தெரிந்திருக்காது.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு நிமிஷ வேலை. ஸ்டாப் கேபிள். பம்பின் பக்கத்தில், எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் ஓரமாக ஒரு சின்ன லீவர் இருக்கும், வீல்ஹவுஸில் நீங்கள் இழுக்கும் ஸ்டாப் குமிழி அதைத்தான் இழுக்கிறது. ரெண்டு மாதத்தில் கேபிள் உள்ளே துருப்பிடித்தால் மேலே குமிழி உள்ளே போனாலும் கீழே லீவர் ஸ்டாப் நிலையிலேயே நின்றுவிடும். மேலே குமிழியைப் பார்த்து முடிவு பண்ணாதீர்கள், கீழே இறங்கி லீவரைக் கையால் அசைத்துப் பாருங்கள், ஸ்பிரிங் அதைத் தானாக ஓடும் நிலைக்குத் திருப்ப வேண்டும். கேபிளைக் கழற்றிவிட்டே ஒருமுறை அடித்துப் பாருங்கள். கேபிள் இல்லாதபோதும் லீவர் திரும்பாமல் கெட்டியாக இருந்தால்தான் பம்புக்குள் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் சிக்கியிருக்கிறது என்று அர்த்தம், அப்போது சுத்தியலால் தட்டாமல் பம்பு கடைக்குத்தான் போக வேண்டும்.

லீவர் சரியாக இருந்தால் கேன் வைத்துப் பாருங்கள். 10 லிட்டர் கேனில் நல்ல புது டீசல், எஞ்சினை விட உயரத்தில் கட்டி வையுங்கள். ஃபீட் பம்புக்கு வரும் ஓஸைக் கழற்றி, கேனிலிருந்து சுத்தமான புது ஓஸை நேராக ஃபீட் பம்பு வாயில் மாட்டுங்கள். இப்போது டாங்கி, கிண்ணம், பழைய லைன் எல்லாமே ஆட்டத்தில் இல்லை. பிரைமரை அடியுங்கள். முதலில் ஃபில்டர் மேல் ஸ்க்ரூ, குமிழி இல்லாமல் டீசல் மட்டும் வந்ததும் அடித்துக்கொண்டே டைட். அப்புறம் இன்ஜெக்ஷன் பம்பு மேல் ஸ்க்ரூ, அதே மாதிரி. ஃபில்டரோடு நிறுத்திவிட்டு ஏர் எடுத்தாச்சு என்று சொல்பவர்கள் நிறைய, பம்பின் வயிற்றில் காற்று இருந்தால் நாசிலுக்கு எதுவும் போகாது, காற்று அமுங்கும், டீசல் அமுங்காது, அவ்வளவுதான் விஷயம். இந்த இடத்தில் பிரைமர் கைக்கு டைட்டாக எதிர்த்து நிற்க வேண்டும்.

அதன்பிறகு நாசில் பக்கம் பைப் நட்டுகளை ஒரு சுற்று லூஸ் பண்ணி, ஆக்சிலரேட்டரை முழுக்க வைத்து செல்ஃப் அடியுங்கள். விட்டுவிட்டுப் பீய்ச்ச ஆரம்பித்ததும் ஒவ்வொன்றாக டைட் பண்ணுங்கள், எல்லாவற்றையும் முடிப்பதற்குள்ளேயே எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பிடித்ததும் ஆக்சிலரேட்டரை உடனே இறக்குங்கள். கையைப் பைப் முனைக்கு நேராக வைக்காதீர்கள், முகத்தையும்தான். அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே ஊசி குத்தின மாதிரிதான் தெரியும், ஆனால் விரலையே எடுக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுபோகும். அப்படிப் பட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரி.

ரிட்டர்ன் டீசல் பழைய டாங்கிக்குத்தான் போகும் என்பதால் கேன் நீங்கள் நினைப்பதை விடச் சீக்கிரம் காலியாகும், ஒருத்தர் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும்.

வளைகுடா_மெரைன்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், துபாயில் சுற்றுலாப் படகுகளில் எஞ்சின் வேலை பார்க்கிறேன். மேலே சொன்னது எல்லாம் சரி, ஒன்று மட்டும் சேர்க்கிறேன். உங்கள் படகில் சைலன்சர் மேலே போகும் வறண்ட வகை என்றால் கவலை இல்லை. ஆனால் கடல் தண்ணீரைப் புகையோடு கலந்து பின்னால் வெளியேற்றும் அமைப்பாக இருந்தால், எஞ்சின் பிடிக்காமல் செல்ஃப் மட்டும் அடித்துக்கொண்டே இருக்கும்போது தண்ணீர் பம்பு தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும், அதை வெளியே ஊதித் தள்ளப் புகை இல்லை. மஃப்ளர் நிரம்பித் தண்ணீர் எக்ஸாஸ்ட் வழியாகச் சிலிண்டருக்குள் வந்துவிடும். அதன்பிறகு ஒரு அடி அடித்தால் தண்ணீர் அமுங்காது, ராட் வளைந்துவிடும். நல்ல எஞ்சினையே இப்படிக் கெடுத்துக் கொண்டுவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், முதலில் வந்த கோளாறு வெறும் ஏர்தான்.

அந்த வகைப் படகு வைத்திருப்பவர்கள் ஸ்டார்ட் ஆகாத நேரத்தில் கடல் தண்ணீர் வால்வை மூடிவிட்டு அடியுங்கள், பிடித்த உடனே திறந்துவிடுங்கள், தண்ணீர் பம்புக்குள் சுற்றும் ரப்பர் இம்பெல்லர் தண்ணீர் இல்லாமல் கொஞ்ச நேரம்கூடத் தாங்காது. ஓடிக்கொண்டிருந்த செல்ஃப் திடீரென்று டக்கென்று நின்றால் மறுபடி அழுத்தாதீர்கள், நாசிலைக் கழற்றிக் கையால் சுற்றிப் பாருங்கள்.

பாம்பன்_ஃபைபர்

இதே இடத்தில் நானும் கேட்டுவிடுகிறேன், தனியாகத் தொடங்க வேண்டாமே. என்னிடம் ஃபைபர் படகு, சின்ன அவுட்போர்டு, 2 ஸ்ட்ரோக் பெட்ரோல். ஒரு மாதமாகக் கரையில் கிடந்தது, இப்போது கயிறு இழுத்து இழுத்துத் தோள்பட்டை போய்விட்டது, ஸ்டார்ட் ஆகவில்லை. இதற்கும் ஏர்தானா?

டீசல்_கை

உங்களுடையது வேறு கதை. கயிறை இழுக்கும் முன்னால் சிவப்பு கில் ஸ்விட்ச் கிளிப் மாட்டியிருக்கிறதா, கியர் நியூட்ரலில் இருக்கிறதா, டாங்கி மூடியில் காற்று போகும் ஸ்க்ரூ திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், அவுட்போர்டு ஸ்டார்ட் ஆகவில்லை என்று கூப்பிட்டுப் போன இடத்தில் இந்த மூன்றில் ஒன்றாகவே முடிந்தது எத்தனையோ. ஓஸில் உள்ள ரப்பர் பல்பை அமுக்கினால் கெட்டியாக வேண்டும், அதில் உள்ள அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும்.

அதெல்லாம் சரி என்றால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, ஸ்பார்க் இல்லை அல்லது பெட்ரோல் அதிகமாகி மூச்சு முட்டியிருக்கிறது, சோக்கை ஆஃப் பண்ணிவிட்டுப் பிளக்கைத் துடைத்து மாட்டி அடியுங்கள். காய்ந்திருந்தால் கார்பரேட்டர். பழைய பெட்ரோலைக் கொட்டிவிடுங்கள், ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்தாலே அடியில் தண்ணீர் பிரிவது தெரியும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல், 20 சதவீதம் வரை, அது ஈரத்தை இழுக்கும், அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து கீழே இறங்கிவிடும், டாங்கியின் அடியிலிருந்துதானே எஞ்சின் குடிக்கிறது. இனிமேல் கரையில் போடும்போது ஓஸைக் கழற்றிவிட்டு எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓட விடுங்கள், கார்பரேட்டர் காய்ந்திருக்கும். ஆனால் தண்ணீரில் இருக்கும்போதே செய்யுங்கள், கரையில் வறட்டு ஓட்டம் வேண்டாம்.

அக்கரைப்பேட்டை_படகு

ஸ்டார்ட் ஆகிவிட்டது!!

ஸ்டாப் லீவர் நன்றாகத் திரும்புகிறது, அதில் ஒன்றும் இல்லை. கேனைக் கட்டி நேராக ஃபீட் பம்புக்கு மாட்டினோம், பிரைமர் கொஞ்சம் அடித்ததுமே டைட் ஆகிவிட்டது, முன்னால் அப்படி ஆனதே இல்லை. பம்பு ஸ்க்ரூவில் ஏர் எடுத்தபோது பக் பக்கென்று நிறையக் காற்று வந்து அப்புறம் சுத்தமான டீசல். நாசில் நட்டை லூஸ் பண்ணி அடித்ததும் முதலில் ரெண்டு சிலிண்டர் மட்டும் பிடித்து டொக் டொக் என்று தடுமாறி வெள்ளையாகப் புகைந்தது, ஒவ்வொன்றாக டைட் பண்ணப் பண்ண முழுதாக வந்துவிட்டது. ஆட்கள் எல்லாரும் விசில்.

பிறகு பழைய லைனை டாங்கியிலிருந்து தடவிக்கொண்டே வந்தோம். எஞ்சின் ரூம் அடிப்பலகைக்குக் கீழே, கிண்ணத்துக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில், ஓஸின் மேல் பக்கத்தில் எலி கடித்திருக்கிறது. பெரிய ஓட்டை இல்லை, பல் பதிந்த மாதிரி ரெண்டு கீறல், வளைத்தால்தான் வாய் திறக்கிறது. கரையேற்றி வைத்திருந்த நேரத்தில் ஏறியிருக்க வேண்டும், சமையல் அறையில் அரிசி மூட்டையும் கடித்திருந்தது, அதை அப்போதே பார்த்தோம், ஓஸ் யாருக்கு நினைவு வரும்.

மெக்கானிக்கிடம் காட்டினேன். எலியைத் திட்டிவிட்டுப் போய்விட்டார்.

அந்த நீளம் முழுக்க ஓஸ் மாற்றலாமா, இல்லை கடித்த இடத்தை மட்டும் வெட்டி நடுவில் பித்தளை ஜாயின்ட் போட்டால் போதுமா?

டீசல்_கை

நல்லது தம்பி. முழுசாக மாற்றுங்கள், ஜாயின்ட் போட்டால் ரெண்டு கிளிப் கூடுகிறது, உறிஞ்சும் பக்கத்தில் ஒவ்வொரு கிளிப்பும் காற்று புகும் இன்னொரு வழி. டீசலுக்கான ஓஸ் என்று கேட்டு வாங்குங்கள், தண்ணீர் ஓஸ் டீசலில் ஊறி மெத்தென்று ஆகி, உறிஞ்சும்போது உள்ளே ஒட்டிக்கொள்ளும், அப்புறம் மறுபடி இங்கேதான் வருவீர்கள்.

டாங்கி அடி வால்வைத் திறந்து கொஞ்சம் வடித்துவிட்டு, அதன்பிறகு புது டீசல் போடுங்கள். ரெண்டு மாதம் பாதிக்கு மேல் காலியாக இருந்த டாங்கியின் சுவரில் வேர்த்த தண்ணீரெல்லாம் அடியில்தான் கிடக்கும், கிண்ணத்தையும் வடித்துப் பாருங்கள்.

வளைகுடா_மெரைன்

இம்பெல்லரையும் இப்போதே கழற்றிப் பாருங்கள். ரெண்டு மாதம் அசையாமல் இருந்தால் அமுங்கிய இதழ்கள் அப்படியே படிந்துவிடும், வெடிப்பு விட்டிருந்தால் முதல் மணி நேரத்திலேயே உடைந்து துண்டுகள் எஞ்சினைக் குளிர்விக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் போய் அடைக்கும். ஆயில் டிப் ஸ்டிக்கையும் ஒருமுறை பாருங்கள், பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது, எஞ்சினை ஓட்டாதீர்கள்.

அக்கரைப்பேட்டை_படகு

இம்பெல்லரில் ஒரு இதழில் வெடிப்பு இருந்தது, மாற்றிவிட்டோம். ஆயில் சுத்தம். துறைமுகத்துக்குள்ளேயே ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தாச்சு, டெம்பரேச்சர் ஏறவில்லை, நிறுத்தி அடித்தாலும் உடனே பிடிக்கிறது. புது ஓஸை அடிப்பலகைக்குக் கீழே விடாமல் மேலே சுவரோடு கிளாம்ப் போட்டுக் கொண்டு வந்துவிட்டேன், கண்ணில் படுகிற மாதிரி. 14ஆம் தேதி ராத்திரி கிளம்புகிறோம்.

குளச்சல்_கடல்

எலிக்கு என்ன வைத்தீர்கள்?

அக்கரைப்பேட்டை_படகு

பொறி வைத்திருக்கிறோம் அண்ணே, கருவாட்டுத் துண்டு போட்டு. இன்னும் மாட்டவில்லை.